லைன் டான்ஸ் குழுவுக்குப் புதிய நடனம் அமைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் சமூக மன்றத்தில் வாரந்தோறும் கூடும் லைன் டான்ஸ் (வரிசையாக நின்று எல்லாரும் ஒரே ஸ்டெப்பை ஆடும் நடனம்) குழு, பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்காக ஒரு நடனத்தை நாமே அமைக்க முடியுமா?

முடியும். ஆனால் ஸ்டெப்பில் தொடங்காதீர்கள், பாட்டில் தொடங்குங்கள். தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, எட்டுத் தாள அடிக்கு ஒரு கோடு போட்டுப் பாட்டு முழுவதையும் எண்ணுங்கள். நான்கு கோடு சேர்ந்தால் 32 எண்ணிக்கை. பெரும்பாலான பாட்டுகள் இந்த அளவில்தான் மூச்சு விடும். எலெக்ட்ரிக் ஸ்லைடு என்ற பிரபல லைன் டான்ஸின் பரவலான வடிவம் 18 எண்ணிக்கை. அதனால் பல்லவி ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு ஸ்டெப்பில் வந்து விழும். விருந்துகளில் எந்தப் பாட்டுக்கும் ஆடுகிற நடனம் என்பதால் அது யாரையும் உறுத்துவதில்லை. குறிப்பிட்ட ஒரு பாட்டுக்கென்றே அமைக்கும்போது 32-தான் நல்லது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி போதும்.

தமிழ்க் குத்துப்பாட்டு எடுத்தால் ஒரு எச்சரிக்கை. பல பாட்டுகள் திஸ்ர நடையில் இருக்கும், ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். பெரிய அடிக்குக் கால் வைத்தால் எட்டு எண்ணிக்கை வந்துவிடும். ஆனால் ஷஃபிளின் (இரண்டு அடிக்குள் மூன்று ஸ்டெப்) நடு ஸ்டெப் அடியின் மூன்றாம் துண்டில் விழ வேண்டும். புதியவர்கள் அதைச் சரிபாதியில் வைப்பார்கள், கால் பாட்டோடு ஒட்டாது. முதல் நடனத்துக்கு நேரான நான்கு அடித் தாளமே மேல்.

அடுத்தது உடல் எடை. லைன் டான்ஸ் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். கால் வைத்து எடையை மாற்றுவது வேறு, எடை மாற்றாமல் தொட்டு எடுப்பது (டச்) வேறு. வலது காலில் தொடங்கும் நடனம் முடியும்போது எடை இடது காலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் சுற்றின் முதல் அடியிலேயே எல்லாரும் தடுமாறுவார்கள். கீழே உள்ள 32-இல் ஒவ்வொரு எட்டும் இடது காலில் எடையோடு முடிகிறது:

1-8: வலப்பக்கம் கிரேப்வைன் (வலது பக்கவாட்டில், இடது பின்னால், வலது பக்கவாட்டில், இடது டச்). அதையே இடப்பக்கம், கடைசியில் வலது டச்.

9-16: வலது முன் மூலைக்கு, இடது டச். இடது பின்னால் பழைய இடத்துக்கு, வலது டச். வலது பின் மூலைக்கு, இடது டச். இடது முன்னால் பழைய இடத்துக்கு, வலது டச்.

17-24: வலது ஷஃபிள் முன்னால் (17-18). இடது முன்னால் ராக் (எடையை அந்தக் காலுக்குச் சாய்ப்பது), எடை திரும்ப வலதுக்கு. இடது ஷஃபிள் பின்னால் (21-22). வலது பின்னால் ராக், எடை திரும்ப இடதுக்கு.

25-32: ஜாஸ் பாக்ஸ். வலது காலை இடதுக்கு முன் குறுக்கே வையுங்கள், இடது பின்னால், கால்வட்டம் (90 டிகிரி) வலப்பக்கம் திரும்பி வலது பக்கவாட்டில், இடது அதன் அருகே. பிறகு வலது காலைப் பக்கவாட்டில் வைத்து வலம், இடம், வலம், இடம் என இடுப்பசைவு நான்கு.

கால்வட்டத் திருப்பம் என்பதால் இது நான்கு சுவர் நடனம் (ஒவ்வொரு சுற்றும் வேறொரு பக்கம் பார்த்துத் தொடங்கும்), நான்கு சுற்றில் முன்பக்கம் வந்துவிடும். பாட்டில் எங்காவது 16 எண்ணிக்கை மட்டும் வந்து பல்லவி தொடங்கினால், அங்கே 16-க்குப் பிறகு ரீஸ்டார்ட் (நடனத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவது) வைக்கலாம். வலது கால் விடுபட்டிருப்பதால் தடையில்லை. அதுவரை திருப்பம் வராததால் அடுத்த சுற்றும் அதே திசையில் தொடங்கும். மூன்றாம் சுற்றில் ரீஸ்டார்ட் என்றால் ஆறு மணித் திசை, அதாவது பின்பக்கம். "மூன்றாவது சுற்று" என்பதைவிட "முதல் முறை பின்பக்கம் பார்க்கும்போது" என்று சொல்லுங்கள், ஆடுபவருக்குச் சுற்று எண் நினைவில் நிற்காது. தொடக்கநிலைக் குழுவுக்கு ஒரு ரீஸ்டார்ட் போதும், இரண்டு வேண்டுமானால் பாட்டை மாற்றுவதே நல்லது.

கற்பிக்கும்போது குழுவுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எதிரே நின்றால் வலது இடது மாறும். முதல் எட்டு, பிறகு இரண்டாம் எட்டு, மறுபடி தொடக்கத்திலிருந்து இரண்டும். அடுத்த ஸ்டெப்பின் பெயரை 7-இலேயே சொல்லிவிட வேண்டும், 1-இல் சொன்னால் கால் ஏற்கெனவே போயிருக்கும். முன்பக்கம் நன்றாக ஆடியவர்கள் பின்பக்கம் திரும்பியதும் திணறுவார்கள், ஏனென்றால் பார்த்துப் பழகிய ஆள் கண்ணில் இல்லை. அதனால் நன்றாகத் தெரிந்த நால்வரை நான்கு மூலைகளில் நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்து ஆட ஒருவர் இருப்பார். ஒரு சின்ன ஏற்பாடுதான், கூச்சப்பட்டு வகுப்பை விட்டு நிற்கிறவர்களைக்கூட இது தக்கவைக்கும்.

முழங்கால் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும்போது உடல் மட்டும் திரும்பினால் முறுக்கு முழுதும் முழங்காலில் விழும். வழவழப்பான அடிப்பாகம் உள்ள காலணி நல்லது. முழுவட்டத் திருப்பம் வைத்தால், அதே எண்ணிக்கையில் நடந்து கடக்கும் மாற்று வழியையும் குறிப்புத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

அந்தத் தாளின் தலைப்பில் எண்ணிக்கை, சுவர், கடின நிலை, முன்னிசையில் எத்தனை எண்ணிக்கை காத்திருக்க வேண்டும் என்பவற்றோடு பாட்டின் நீளத்தையும் நிமிடம், நொடியாகக் குறியுங்கள். ஒரே பாட்டின் இன்னொரு பதிப்பில் இடையிசை நீண்டிருந்தால் ரீஸ்டார்ட் தவறான இடத்தில் விழும்.