வேலைக்கும் மலைக்கும் ஒரே மடக்குக்கத்தி: எதை வாங்குவது?

ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "காற்றாலைப் பராமரிப்பில் வேலை. கேபிள் டை அறுக்க, அட்டைப்பெட்டி திறக்க, வயர் உறை உரிக்க, கயிறு வெட்ட என்று தினமும் கத்தி தேவைப்படுகிறது. லீவு நாளில் நண்பர்களோடு மலை ஏறப் போவேன். இரண்டுக்கும் ஒரே மடக்குக்கத்தி போதும் என்று நினைக்கிறேன். இன்ஸ்டாகிராமில் கறுப்பு நிறத்தில் ஒன்று பார்த்தேன். டி2 ஸ்டீல், பிளேடு 10 செ.மீ. நீளம், 4 மி.மீ. தடிமன். ஆயுசுக்கும் ஒன்று போதும் என்கிறார்கள். வாங்கலாமா? போலீஸ் தொந்தரவு வருமா?"

வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் வேலைகளில் ஒன்றுக்குக்கூட அந்தக் கத்தி சரிப்படாது.

முதலில் தடிமன். விளம்பரக்காரர்கள் 4 மி.மீ. என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அரிவாளுக்கு அது பெருமைதான், ஓங்கி வெட்டும் கருவிக்கு முதுகில் கனம் வேண்டும். மடக்குக்கத்தியை யாரும் ஓங்கி வெட்டுவதில்லை, இழுத்து அறுக்கிறோம். வீட்டில் காய் நறுக்கும் கத்தியை எடுத்து அதன் முதுகைப் பாருங்கள், பெரும்பாலும் 2 மி.மீ.கூட இருக்காது. கேரட்டில் வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். 4 மி.மீ. கத்தியை அதே கேரட்டில் வைத்தால் பாதி வரை போகும், அப்புறம் 'டக்'கென்று கேரட் பிளந்து துண்டு தரையில் ஓடும். அறுத்தது பாதி, ஆப்பு வைத்துப் பிளந்தது பாதி. கனமான அட்டைப்பெட்டியிலும் இதே கதைதான். பிளேடின் இரண்டு பக்கத்தையும் அட்டை கவ்விக்கொள்ளும், நீங்கள் பலம் கொடுத்துத் தள்ளுவீர்கள், அட்டை சட்டென்று விடும், கத்தி போய் நிற்கிற இடம் பெட்டியைப் பிடித்திருக்கும் இடது கையாக இருக்கும். நான் பார்த்த கத்திக் காயங்களில் முக்கால்வாசி இப்படி வந்தவைதான்.

ஆகவே முதுகில் 2 மி.மீ.யை ஒட்டி, அங்கிருந்து கூர் வரை சீராக மெலிந்து வரும் பிளேடு. நீளம் 7 முதல் 8.5 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் தர்ப்பூசணிக்கு வசதி, கேபிள் டைக்கு இடைஞ்சல்.

அடுத்தது ஸ்டீல். டி2 மட்டமான ஸ்டீல் இல்லை. பிரஸ்ஸில் தகடு வெட்டும் அச்சு (டை) செய்வதற்கென்றே வந்தது, சீக்கிரம் மழுங்காது. சுமார் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். அவ்வளவு குரோமியம் இருந்தால் துரு பிடிக்காதே என்று தோன்றும். அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கெட்டியான பொடிமணிகளாக மாறி ஸ்டீலுக்குள் உட்கார்ந்துவிடுகிறது. துருவைத் தடுக்கத் தனியாக மிஞ்சுவது கொஞ்சம்தான். நாள் முழுக்க வியர்வை ஊறும் பேன்ட் பாக்கெட்டில் கிடந்தால் கறுப்புப் பூச்சு தேய்ந்த இடத்தில், முக்கியமாகக் கூர் ஓரத்தில், செம்புள்ளி விழும். மழுங்கினால் அதைவிடச் சிரமம். அந்தப் பொடிமணிகள் சாதாரணச் சாணைக்கல்லைத் தின்றுவிடும். வைரத் தகடு வாங்கித் தீட்டப் பொறுமை இருப்பவருக்கு டி2 சரி. உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் சீக்கிரம் மழுங்கினாலும் ஐந்து நிமிடத்தில் கூர் திரும்பி வரும் ஸ்டீல்.

அப்படிப்பட்ட கத்திகள் புதிதாக வந்தவை அல்ல. பிரான்ஸில் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் செய்த விவசாயக் கத்தி இன்றும் ஏறக்குறைய அதே வடிவத்தில் வருகிறது. மரப்பிடி, மெல்லிய பிளேடு, அவ்வளவுதான். எட்டாம் எண் ஒப்பினெல்லின் பிளேடு 8.5 செ.மீ. பிளேடு மூடாமல் நிற்க, கழுத்தில் திருகும் ஒரு வளையம் உண்டு. அது 1955-இல் சேர்ந்தது. கார்பன் ஸ்டீலிலும் வருகிறது, ஸ்டெயின்லெஸ்ஸிலும் வருகிறது. கடற்காற்றும் தென்மேற்குப் பருவமழையும் அடிக்கிற உங்கள் ஊருக்கு ஸ்டெயின்லெஸ் எடுங்கள். கார்பனில் மாங்காய் நறுக்கினால் பிளேடு நீலம் பாய்ந்து கறுக்கும், மாங்காயிலும் இரும்பு வாடை ஏறும். எனக்கு அந்தக் கறுப்பு பிடிக்கும், வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

ஒப்பினெல்லுக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் பிடி மரம் உப்பி, பிளேடை விடாது. நகம் வலிக்க இழுக்க வேண்டாம். மூடிய கத்தியின் பின்பக்கத்தை ஒரு கட்டையில் லேசாகத் தட்டினால் பிளேடு முனை தானே தலைகாட்டும். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். தினமும் மழையில் நனைந்து வேலை பார்ப்பவருக்கு இது எரிச்சல்தான்.

அதனால் உங்கள் வேலையை வைத்துப் பார்த்தால் என் முதல் தேர்வு விக்டோரினாக்ஸ், அதிலும் அலுமினியப் பிடி போட்ட, மூடிய நிலையில் 93 மி.மீ. நீளம் உள்ள வகை. ஸ்விஸ் நாட்டின் இபாக்கில் 1884-இல் கார்ல் எல்சனர் பட்டறை தொடங்கி, 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்த அதே நிறுவனம். சிவப்புப் பிடியைத்தான் எல்லாருக்கும் தெரியும். வேலைக்காரன் கைக்கு அலுமினியப் பிடிதான் லாயக்கு, எண்ணெய்க் கையிலும் வழுக்காத சொரசொரப்பு அதில் இருக்கிறது. இந்த வரிசையில் 'எலக்ட்ரீஷியன்' என்றே ஒரு மாடல் உண்டு. பெரிய பிளேடோடு, வயர் வேலைக்கென்று வாய் நேராக இருக்கும் குட்டை பிளேடு ஒன்றும் வரும். கடையில் அது கிடைக்காவிட்டால் 'பயோனியர்' எடுங்கள். ரம்பம் வைத்ததைக் காட்டி, மலைக்கு உதவும் என்பார் கடைக்காரர். நம் மலைகளில் நீங்கள் போகிற இடமெல்லாம் வனத்துறைக் காடு, அங்கே கிளை வெட்டவே கூடாது. ரம்பம் வெறும் பாரம்.

இந்தக் கத்திகளில் லாக் கிடையாது, முதுகில் ஸ்பிரிங் மட்டும்தான் பிளேடைப் பிடித்திருக்கும். அதில் என்ன ஆபத்து என்பதற்கு என் ஆள்காட்டி விரலே சாட்சி. ஆலையில் வேலை பார்த்த காலத்தில் பிளாஸ்டிக் டிரம்மில் ஓட்டை போட, பிளேடு முனையை வைத்து அழுத்தினேன். முனை சிக்கியது, கை முன்னே போனது, பிளேடு மடங்கி விரலில் உட்கார்ந்தது. நான்கு தையல். அறுப்பதற்கு லாக் தேவையே இல்லை, அறுக்கும்போது பலம் பிளேடைத் திறக்கிற பக்கமாகத்தான் போகும். குத்துவதற்குத்தான் லாக் வேண்டும். குத்துகிற வேலைக்கு அந்தக் கத்தியிலேயே தனியாக ஒரு குத்தூசி இருக்கிறது, அதைத் திறந்து பயன்படுத்துங்கள்.

அட்டைப்பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு கட்டர் வைத்துக்கொள்ளுங்கள், நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் ஸ்டேஷனரிக் கடைக் கட்டர். அட்டையில் தூசியும் மணலும் இருக்கும், நல்ல கத்தியை அதுபோல மழுக்குவது வேறில்லை. அப்புறம் உங்கள் தொழிலுக்கே உரிய இரண்டு விஷயம். மேலே ஏறும்போது கத்தியின் வளையத்தில் கயிறு கோத்து இடுப்பில் கட்டுங்கள், அவ்வளவு உயரத்திலிருந்து கத்தி விழுந்தால் கீழே நிற்பவருக்கு ஹெல்மெட் போதாது. பாதுகாப்பு பெல்ட்டின் பட்டை இறுகி நிற்கும்போது அதன் பக்கத்தில் திறந்த கத்தியைக் கொண்டுபோகாதீர்கள், இறுகிய பட்டை லேசாக உரசினாலே அறுந்துவிடும். மின்சாரம் ஓடும் வயரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிடி அலுமினியம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சரி, போலீஸ். இந்த விஷயம் ஆயுதச் சட்டம், 1959-இன் கீழ் வருகிறது. அதன் விதிகள்படி, பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திதான் ஆயுதக் கணக்கில் சேரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அப்போதும் விலக்கு. நாம் பேசுவது 3 அங்குலச் சமாச்சாரம். ஆனால் இரவு வாகனச் சோதனையில் நிற்கும் காவலர் அளவுகோல் எடுத்து அளக்கப் போவதில்லை, அவர் பார்ப்பது தோற்றத்தை. கறுப்புப் பூச்சு, பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங், பாக்கெட்டில் வெளியே தெரியும் கிளிப், இவையெல்லாம் கேள்வியைக் கூப்பிடும். டூல் பையில் ஸ்பேனரோடு கிடக்கும் விக்டோரினாக்ஸ் கூப்பிடாது. கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், கோர்ட் பக்கம் போகும் நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காமல், செக்-இன் செய்யும் பெட்டியில் போடுங்கள்.

காட்டு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, 'ஆயுதம்' என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் துப்பாக்கி, வில் அம்பு, வலை, கண்ணியோடு கத்தியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அங்கே நீளக் கணக்கு கிடையாது. அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் போகக் கூடாது. உங்கள் ஊரைச் சுற்றி இருப்பதே கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம், அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ஆகவே மலையேற்றத்துக்குப் பதிவு செய்யும்போதே கத்தி பற்றிக் கேட்டுவிடுங்கள். செக்போஸ்ட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு நாள் நடைக்குப் பழத்தை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் குறைந்துவிடாது. கத்தியின் உண்மையான வெளிவேலை வேறு இடங்களில் இருக்கிறது: தோட்டம், மீன்பிடி, பைக் பயணம், சொந்தக்காரர் தோப்பில் இளநீர் குடித்துவிட்டு வழுக்கை சுரண்டுவது.

கடைசியாகத் தீட்டுவது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய கூர் ஓரம் நொடியில் சூடேறும். ஓரம் நீலமாக மாறியிருந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம், எத்தனை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசு) உள்ள தண்ணீர்க்கல் ஒன்று வாங்குங்கள்.

கோணம்தான் எல்லாருக்கும் குழப்பம். விக்டோரினாக்ஸ் பெரிய பிளேடு சுமார் ஒன்றரை செ.மீ. அகலம். கல்லின் மேல் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி, பிளேடின் முதுகை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 17 டிகிரிக்குப் பக்கத்தில் வரும், அதுதான் வேண்டும். கை அந்த உயரத்தைப் பழகிக்கொண்டதும் நாணயத்தை எடுத்துவிடலாம். கல்லை நனைத்து, அடிப்பகுதியிலிருந்து முனை வரை லேசான அழுத்தத்தில் ஒரு பக்கமாகவே தீட்டுங்கள். பத்துப் பதினைந்து முறை ஆனதும் எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து கூர் பக்கமாகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அடி முதல் முனை வரை அந்தப் பிசிறு வந்தபிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். நடுவில் மாற்றுவதால்தான் 'எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை' என்கிற புலம்பல். இரண்டு பக்கமும் முடிந்ததும் 3000-இல் நாலு இழுப்பு, பிறகு பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி பத்து இழுப்பு. பழுத்த தக்காளியின் மேல் வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தோல் சுருங்காமல் பிளேடு இறங்கினால் கல்லைக் கழுவிக் காயவைத்துவிடலாம். சுருங்கினால் 1000-க்குத் திரும்பி, பிசிறிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.