சர்வர் வாங்குவதற்கு முன்: ஆய்வு நூலகங்களுக்குச் சில கேள்வி-பதில்கள்

தரவு மிகுந்த ஆய்வுகளுக்கு நூலகம் எப்படித் துணை நிற்பது என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்தும் நீளமானவற்றைச் சுருக்கியும் இருக்கிறேன்.

ஆய்வுத் தரவுக்கு நூலகம் உதவ வேண்டும் என்று நிர்வாகம் பணம் ஒதுக்கியிருக்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும். சேமிப்பு சர்வர் வாங்கிவிடலாமா? (ஒரு நூலக இயக்குநர்)

இப்போதைக்கு வேண்டாம். சர்வர் வாங்குவது சுலபம், கணக்குக் காட்டவும் வசதி. ஆனால் சில ஆண்டுகளில் அது பழசாகிவிடும். அடுத்ததை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் முதலாவதை வாங்கக் கூடாது.

முதலில் ஆய்வகங்களுக்குப் போய்ப் பேசுங்கள். "உங்களுக்கு என்ன தேவை?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் "இடம்" என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: போன மாதம் எந்தக் கோப்பைத் தேடி அலைந்தீர்கள்? முனைவர் பட்டம் முடித்துப் போன மாணவரின் தரவு இப்போது எங்கே இருக்கிறது? மூன்று வருடத்துக்கு முன் வெளியிட்ட கட்டுரையின் இரண்டாம் படத்தை இன்று திரும்ப வரைய முடியுமா? கடைசிக் கேள்விக்கு வரும் மௌனத்திலிருந்து உங்கள் திட்டத்தை எழுதத் தொடங்கலாம்.

இன்னொன்று. பெரிய தரவு வைத்திருப்பவர்களுக்குத்தான் பெரிய உதவி தேவை என்று நினைக்க வேண்டாம். துகள் இயற்பியலாளர்களுக்கு உலகளாவிய கணினி வலையமைப்பே இருக்கிறது. வானியலாளர்கள் ஃபிட்ஸ் என்ற பொதுக் கோப்பு வடிவத்தை 1981 முதல் வைத்திருக்கிறார்கள். புரத அமைப்புகளுக்கான புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-இல் தொடங்கியது. இவர்கள் நம்மைக் கேட்டு எதையும் கட்டவில்லை. தவிப்பவர்கள் நான்கைந்து பேர் கொண்ட சிறிய ஆய்வகங்கள். அங்கே தரவு ஒருவரின் மடிக்கணினியிலும், மேசை இழுப்பறையில் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கும்.

2014-இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு, 1991 முதல் 2011 வரை வெளியான 516 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் அவற்றின் தரவைக் கேட்டது. கட்டுரைக்கு ஒவ்வொரு வயது கூடும்போதும் தரவு கிடைப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருந்தது, அல்லது படிக்க முடியாத பழைய சாதனத்தில் தரவு மாட்டிக்கொண்டிருந்தது. இதைத் தடுப்பதுதான் நூலகத்தின் வேலை. கணக்கீட்டு வசதி தருவதைக் கணினி மையத்திடம் விட்டுவிடலாம். எதைச் செய்ய மாட்டோம் என்பதையும் திட்டத்தில் ஒரு பத்தியாக எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் நிறைய சங்கடம் தவிரும்.

பயிற்சி வகுப்பு அறிவித்தால் ஆய்வாளர்கள் யாரும் வருவதில்லை. அவர்களை எப்படி இழுப்பது?

பொதுவான வகுப்புக்கு வர மாட்டார்கள்தான். நிதிக்கு விண்ணப்பம் எழுதும் நேரம் பார்த்து நீங்கள் போங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் தரவு மேலாண்மைத் திட்டம் (சுருக்கமாக டிஎம்பி) கேட்க ஆரம்பித்தது. தரவை எப்படிக் காத்துப் பகிர்வோம் என்று சொல்லும் ஆவணம் அது. அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களின் தரவுப் பகிர்வுக் கொள்கை 2023 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. வேறு பல நிதி நிறுவனங்களும் இதே வழியில் போகின்றன. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கும்போது இந்தத் திட்டத்தின் இரண்டு பக்கத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஆய்வாளர் திணறுவார். அந்த வரைவை வாங்கி, மூன்று பத்தியைத் திருத்திக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை அவரே வருவார், பக்கத்து அறைக்காரரையும் கூட்டி வருவார். டிஎம்பி டூல், டிஎம்பி ஆன்லைன் போன்ற வார்ப்புருக் கருவிகள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை.

ஆய்வு நிர்வாக அலுவலகத்தோடு பேசி, விண்ணப்பம் பதிவானதும் உங்களுக்கு ஒரு தகவல் வரும்படி செய்துகொள்ளுங்கள். பத்துச் சுவரொட்டி ஒட்டுவதைவிட இது பலன் தரும்.

எவ்வளவு சேமிப்பிடம் திட்டமிட வேண்டும்? ஒவ்வொரு துறையும் பெடாபைட் (ஆயிரம் டெராபைட்) கணக்கில் பேசுகிறது.

கொள்ளளவைவிட முதலில் போக்குவரத்தைப் பாருங்கள். ஒரு கிகாபிட் இணைப்பின் முழு வேகமும் உங்களுக்கே கிடைத்தாலும் 10 டெராபைட்டை நகர்த்த சுமார் 22 மணி நேரம் ஆகும். 100 மெகாபிட் என்றால் ஒன்பது நாளுக்கு மேல். ஆய்வகத்துக்கும் உங்கள் சேமிப்பகத்துக்கும் நடுவே மெதுவான ஒரு சுவிட்ச் இருந்தால் போதும், உங்கள் பெடாபைட் காலியாகவே கிடக்கும்.

அப்புறம், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணினி உருவகப்படுத்தலில் (சிமுலேஷன்) வந்த வெளியீடு பல டெராபைட் இருக்கலாம். நிரலும் உள்ளீடும் மென்பொருள் பதிப்பு விவரமும் இருந்தால் பெரும்பாலும் அதைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட நாளில் கடலில் எடுத்த வெப்ப அளவீடு அப்படியல்ல. அந்த நாள் திரும்ப வராது. அதன் அளவு சில மெகாபைட்தான் இருக்கும், ஆனாலும் மூன்று பிரதி வைக்க வேண்டியது அதற்குத்தான். எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பது நூலகர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை. இங்கே மட்டும் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

பிரதி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. அதை அழித்தது பேக்கப் எடுக்கும் நிரலே. பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றியதால் வந்த வினை. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் நான்கின் தரவைப் பேக்கப்பிலிருந்து மீட்க முடியவில்லை. ஆகவே ஒரு பிரதியாவது அன்றாட அமைப்போடு தொடர்பில்லாத இடத்தில், டேப்பிலோ வேறு ஊரிலோ இருக்கட்டும். கோப்புகளின் செக்சம் மதிப்பை (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) குறித்து வைத்து, குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது சில கோப்புகளை உண்மையிலேயே மீட்டுத் திறந்து பாருங்கள்.

தரவை வைக்கச் சொந்தக் களஞ்சியம் அமைப்பதா, பொதுவில் இருப்பதைப் பயன்படுத்துவதா?

துறைக்கென்று களஞ்சியம் இருந்தால் அங்கேதான் போட வேண்டும். அதே துறைக்காரர்கள் தேடும் இடம் அது. எது இருக்கிறது என்று பார்க்க ரீ3டேட்டா பட்டியல் உதவும். துறைக்களஞ்சியம் இல்லையென்றால் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியம். அங்கே ஒரு பதிவுக்கு வழக்கமான வரம்பு 50 ஜிபி. இரண்டுக்கும் பொருந்தாததற்கு மட்டும் உங்கள் சொந்தக் களஞ்சியம். தரவு எங்கே இருந்தாலும் அதைப் பற்றிய பதிவு உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

இருபது வருடமாக நூற்பட்டியல் தயாரிக்கிறேன். பைத்தான் நிரல்மொழி தெரியாது. இனி எனக்கு இங்கே வேலை இருக்குமா?

இருக்கும், நிறையவே இருக்கும். ஆய்வகத்திலிருந்து பொதுவாக வரும் எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் 'ஃபைனல் புதுசு 2'. முதல் நெடுவரிசையின் தலைப்பு 'வெப்1', அடுத்தது 'வெப்2'. செல்சியஸா, கெல்வினா? எந்தக் கருவி, எத்தனை மணிக்கு? எண்களுக்கு நடுவே அங்கங்கே -999. அளவீடு விட்டுப்போனதற்கான குறியீடு அது. தெரியாதவர் சராசரி எடுத்தால் கதை கந்தல். சில கட்டங்கள் மஞ்சளாக இருக்கின்றன. கேட்டால், "அன்று கருவியில் கோளாறு, அவற்றைச் சேர்க்கக் கூடாது" என்பார் மாணவர். கோப்பை வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட சிஎஸ்வி வடிவம் ஆக்கியதும் அந்த மஞ்சள் காணாமல் போகும், கூடவே அந்தத் தகவலும்.

இதையெல்லாம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், அலகு, பொருள் எழுதி, மஞ்சளுக்குப் பதிலாகத் தரக்குறியீட்டு நெடுவரிசை ஒன்றைச் சேர்க்கச் சொல்வதற்குப் பைத்தான் வேண்டாம். பொறுமையும், 'இது எனக்குப் புரியவில்லை' என்று கேட்கும் துணிச்சலும் போதும்.

எக்செல் செய்யும் குறும்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதி என்று நினைத்து மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

நிரலும் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் லைப்ரரி கார்பென்ட்ரி பாடங்கள் நூலகர்களுக்காகவே எழுதப்பட்டவை, இணையத்தில் இலவசம்.

ஃபேர் நெறிகள் என்றால் எல்லாத் தரவையும் திறந்துவிட வேண்டுமா?

இல்லை. 2016-இல் வெளியான அந்த நெறிகள் கேட்பது நான்கு: தரவைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், அணுகும் வழி தெளிவாக இருக்க வேண்டும், மற்றத் தரவோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும். அணுக அனுமதி தேவை என்பதும் தெளிவான வழிதான்.

நோயாளிகளின் தரவிலிருந்து பெயரை நீக்கிவிட்டோம். இனிமேல் வெளியிடலாம்தானே?

அவசரப்பட வேண்டாம். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியலாம் என்று லதான்யா ஸ்வீனி 2000-இல் காட்டினார். அரிய நோய் என்றால் அதுகூட வேண்டாம். நோயின் பெயரும் ஊரும் போதும். நூலகம் இதில் தனியாக முடிவெடுக்கக் கூடாது. நெறிமுறைக் குழு, சட்டப் பிரிவு, நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் வாசகம் மூன்றையும் பாருங்கள். விவரப் பதிவைப் பொதுவில் வைத்து, தரவை விண்ணப்பத்தின் பேரில் தருவது நல்ல நடைமுறை.

இரண்டு ஆண்டுத் திட்டப் பணத்தில் ஆள் எடுக்கலாமா? எத்தனை காலம் தரவைக் காப்போம் என்று ஆய்வாளர்களுக்கு உறுதி சொல்வது?

இரண்டும் ஒரே கேள்விதான். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவர் ஆய்வகங்களோடு பழகி நம்பிக்கை பெறவே ஓராண்டு ஆகும். அடுத்த ஆண்டு அவர் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு ஆளானாலும் நிரந்தரப் பதவியாகக் கேளுங்கள். திட்டப் பணத்தைப் பயிற்சிக்கும் கருவிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

'என்றென்றைக்கும்' என்று எங்கும் எழுதாதீர்கள். 'பத்து ஆண்டு, அதன்பின் மறுபரிசீலனை' என்று எழுதுங்கள். மறுபரிசீலனையை யார் செய்வார் என்று பதவிப் பெயரோடு குறிப்பிடுங்கள். பத்தாண்டு கழித்து நீக்க நேர்ந்தாலும் டிஓஐ எண் (தரவுக்கான நிலையான இணைய அடையாளம்) காட்டும் பக்கத்தை மட்டும் அழிக்கக் கூடாது. அங்கே என்ன தரவு இருந்தது, யார் திரட்டியது, எப்போது ஏன் நீக்கப்பட்டது என்ற விவரம் இருக்க வேண்டும். அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அப்போதும் புழக்கத்தில் இருக்கும்.