கடற்கரை ஊரில் அனல் மின் நிலையம் வந்தால் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்குமா? ஆதரிக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும், ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்திருப்பீர்கள், வீட்டில் ஒருவராவது கடலுக்குப் போகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் அப்படி இருந்தவன்.

எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், உப்பூருக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே கடற்கரையில். அப்பா நாட்டுப்படகில் நண்டு வலை விடுகிறவர். நான் ஃபிட்டர் படித்துவிட்டு, தெற்கே ஓர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரிப் பிரிவில் ஐந்து வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், கூட்டாளிகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மின் நிலையத்தைக் குறை சொன்னால் "வீட்டில் ஃபேன் போடாமல்தான் தூங்குகிறாயா" என்று கேட்க வருகிறவர்களுக்கு ஒன்று. அந்த ஃபேன் சுற்றுவதற்குக் கரி அள்ளிப் போட்டவன் நான். மின்சாரம் வேண்டாம் என்று எங்கும் சொன்னதில்லை.

கப்பலில் வரும் கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி பங்கர் என்கிற பெரிய தொட்டிக்குப் போகும். அங்கிருந்து மில்லில் மாவாக அரைபட்டு கொதிகலனுக்குள் போய் எரியும். 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 3,000 டன்னுக்கு மேல் கேட்கும். என் வேலை பெல்ட்டைத் தாங்கும் ரோலர்களை மாற்றுவதும், கீழே சிந்தியதை அள்ளித் திரும்பப் போடுவதும். பேரிங் போன ரோலர் கீச்சுக் கீச்சென்று கத்தும். அதைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும், விட்டால் சூடேறி பெல்ட்டே பற்றிக்கொள்ளும். யார்டில் குவித்த கரி யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் கனிந்து புகையும், அதற்குத் தண்ணீர் அடிப்போம். மழைக்காலத்தில் ஈரக்கரி இறங்கும் வழியில் அப்பிக்கொள்ளும், கம்பியால் குத்திக் குத்தி விட வேண்டும். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் நிற்போம், அப்படியும் காறித் துப்பினால் கறுப்பாக வரும்.

அதெல்லாம் வேலை, செய்யலாம். எனக்குப் பொறுக்காதது வேறு. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புது கேட் பாஸ், புதுப் பெயர்ப் பட்டியல். ஐந்தாம் வருடமும் நான் புது ஆள்தான். ஒருவர் பதினோரு மாதம் பிஎஃப் பிடித்தார், கணக்கில் ஏறவே இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு இதை மறைத்தால் அது பொய்யாகிவிடும்: தங்கச்சி கல்யாணமும் எங்கள் வீட்டுத் தளமும் அந்தச் சம்பளத்தில்தான்.

இந்த நிலையில்தான் எங்கள் பக்கமே உப்பூரில் இரண்டு 800 மெகாவாட், மொத்தம் 1,600 மெகாவாட் அனல் மின் திட்டம் வந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஷிப்ட்டுக்குப் போகலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா எதிர்த்துப் போராடுகிறவர்களோடு போய் உட்கார்ந்தார். ஒரு ராத்திரி இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. அவர் சத்தம் போடவில்லை.

"கரி அள்ளுன காசுலதான் உன் தங்கச்சி கழுத்துல தாலி ஏறுச்சு, நான் இல்லைங்கல. உனக்கு வேலை தருவான். எனக்குத் தருவானா? உங்கம்மாவுக்குத் தருவானா?"

மறுநாள் விடியற்காலையில் கரைக்குப் போனேன். அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வலையைச் சுற்றி உட்கார்ந்து நண்டு கழட்டிக்கொண்டிருந்தார்கள். நீலக்கால் நண்டு வலைக் கண்ணியில் கொடுக்கை நுழைத்து முறுக்கிக்கொண்டு கிடக்கும். முதுகோட்டை இடது கையால் அமுக்கி, நூலை ஒவ்வொரு காலாக உருவ வேண்டும். கால் ஒடிந்தால் விலை போய்விடும். அந்த ஏழெட்டுப் பேரில் புருஷன் இல்லாதவர்கள் மூன்று பேர். எந்த மின் நிலையத்தின் வேலைவாய்ப்புக் கணக்கிலும் இவர்கள் பெயர் வராது. ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், கம்பெனிக்கு எடை போடுகிறவர் யாருமே வர மாட்டார்கள். இந்தக் கணக்கு எனக்கு அதற்கு முன்னால் தோன்றவே இல்லை.

எங்கள் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். எங்கள் கரையில் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போகலாம். அடியில் கடல்தாழை என்கிற கடல்புல், அதில்தான் நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் வளரும், ஆவுளியா என்கிற கடல்பசு மேயும். டர்பைனில் வேலை முடித்த நீராவியைக் குளிர வைக்க எடுக்கும் கடல்நீர் சூடாகத்தான் வெளியே வரும். அப்படி விடும் தண்ணீர் சுற்றியுள்ள கடலைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்று விதி உண்டு. ஆழக்கடலில் அந்தச் சூடு கரைந்து போகலாம். இடுப்பளவுத் தண்ணீரில் எங்கே போகும்?

2021 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உப்பூர்த் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. எனக்கு அன்றைக்கு நிம்மதியும் வருத்தமும் சேர்ந்தே இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வேலை பார்த்த இடத்தில் எந்த மாவட்டம் என்று கேட்பார்கள். ராமநாதபுரம் என்றால் "ஓ, தண்ணியில்லாக் காடா" என்பார்கள். அதிகாரிகளைத் தண்டித்து அனுப்பும் ஊர் என்று சினிமா பார்த்துப் படித்தது. என் அம்மா தள்ளுவண்டியில் எட்டுக் குடம் வைத்து ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்துதான் எங்களை வளர்த்தாள். அதை யாரும் கேலியாகச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு ஆறாது. அங்கே ஒன்றும் இல்லை, எதைக் கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்ற நினைப்பு இந்தப் பேச்சில் இருந்துதான் வருகிறது.

எங்கள் கடலில் வேண்டாம் என்பது என் முடிவு. உங்கள் ஊருக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அனுமதி தருவதற்கு முன்னால் ஊர் மக்களைக் கேட்க நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். அதற்கு 30 நாளாவது முன்னால் அறிவிப்பு வர வேண்டும், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கலெக்டர் ஆபீஸில் இருக்க வேண்டும். வாங்கிப் படியுங்கள். நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். சாம்பலை எங்கே கொட்டுவார்கள், சுடுதண்ணீரை எத்தனை அடி ஆழத்தில் விடுவார்கள் என்று கேளுங்கள். நண்டு கழட்டுகிற பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேச வையுங்கள். பேசியதை எழுதி, கூட்ட முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசிக்கும் வரை ஒருவரும் எழுந்து வராதீர்கள்.