நர்ஸ் வேலைக்கு முதல் நேர்காணல்: அனுபவம் இல்லாதவரிடம் என்ன பார்க்கிறார்கள்?

கேள்வி: நர்சிங் படிப்பு முடித்து, பதிவும் செய்துவிட்டேன். அடுத்த வாரம் முதல் நேர்காணல். அனுபவம் என்று சொல்ல எதுவும் இல்லை. பாடத்திலிருந்து கேட்பார்களா? பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது? "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால் எப்படிச் சொல்வது?

பதில்: உங்களுக்கு அனுபவம் இல்லை என்பது விண்ணப்பத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் அதைச் சொல்லி வருத்தப்படுவதில் நேரத்தை வீணாக்காதீர்கள். நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். யார் எதிரே வந்தாலும் என் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இவரை இரவு டியூட்டியில் விட்டுவிட்டு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமா?

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சூழ்நிலையைச் சொல்லிக் கேட்போம். இதோ, நான் அடிக்கடி கேட்பது: "இரவு 2 மணி. காலையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி. மாலையில் பிபி 124/80, பல்ஸ் 82. இப்போது பிபி 92/60, பல்ஸ் 118. உடம்பு சில்லிட்டு வியர்த்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

பத்தில் எட்டுப் பேர் "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். தவறில்லை, ஆனால் பாதிப் பதில்தான். டாக்டர் வந்து சேரும்வரை உங்கள் கை என்ன செய்யும் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். நோயாளியை விட்டு நகராமல் பக்கத்தில் இருப்பவரை உதவிக்கு அழைக்கிறீர்களா? மூச்சு, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), நினைவு எப்படி இருக்கின்றன என்று பார்க்கிறீர்களா? போர்வையை விலக்கி டிரெஸ்ஸிங்கைப் பார்க்கிறீர்களா? இடுப்புக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பேன் என்று சொன்ன ஒரு பெண்ணை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மேலே டிரெஸ்ஸிங் காய்ந்திருக்கும், ரத்தம் பக்கவாட்டில் வழிந்து முதுகுக்குக் கீழே தேங்கியிருக்கும். அதைப் போஸ்டிங்கில், அதாவது படிக்கும்போது வார்டில் பெறும் பயிற்சியில், கண்ணால் பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். ட்ரிப் ஒழுங்காக ஓடுகிறதா, கடைசி இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

அப்புறம் போன். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நோயாளியின் நிலையை டாக்டருக்குச் சுருக்கமாகச் சொல்லும் எஸ்பார் (SBAR) முறையை வகுப்பில் படித்திருப்பீர்கள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறை, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. விளக்கம் சொல்லத் தெரிந்தால் போதாது, பேசிக் காட்ட வேண்டும். இப்படி: "டாக்டர், அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ் பேசுகிறேன். மூன்றாம் படுக்கை நோயாளிக்கு பிபி 92/60க்கு இறங்கியிருக்கிறது, பல்ஸ் 118. இன்று காலை வயிற்றில் அறுவை சிகிச்சை, மாலைவரை நன்றாக இருந்தார். டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறது, ரத்தக் கசிவோ என்று பயப்படுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." அரை நிமிடம்கூட ஆகாது. கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தயங்காதீர்கள். வரச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அவர் வரத் தாமதமானால் அடுத்த சீனியரைக் கூப்பிடுவேன் என்பதையும், நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாடத்திலிருந்தும் கேட்பார்கள், ஆனால் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டாம். உயிரோடு விளையாடும் இடங்களைப் பாருங்கள். ரத்தம் ஏற்றும்போது நோயாளி நடுங்குகிறார், முதுகு வலிக்கிறது என்கிறார். முதல் வேலை, ரத்தத்தை நிறுத்துவது. பிறகு புது ட்யூப் மாற்றி, சலைன் போட்டு லைனைக் காப்பாற்றுவது, டாக்டருக்குச் சொல்வது, பையின் லேபிளையும் நோயாளியின் கைப்பட்டையையும் மறுபடி ஒப்பிடுவது, பையை ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்புவது. வரிசை மாறினால் மதிப்பெண் போகும். முதல் 15 நிமிடம் ஏன் படுக்கை அருகிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டால் காரணமும் தெரிந்திருக்கட்டும்: கடுமையான எதிர்விளைவுகள் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும்.

அதே மாதிரி, பொட்டாசியம் குளோரைடை ஏன் ஒருபோதும் நேரடியாக ஊசியால் ரத்தக்குழாயில் தள்ளக் கூடாது (இதயம் நின்றுவிடக்கூடும்), ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது (விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது), இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் சிபிஆரில் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ட்ரிப் கணக்கும் நிச்சயம் வரும். 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம், ஆக நிமிடத்துக்குச் சுமார் 42. பேப்பர் கேட்டு வாங்கி எழுதிப் போடுங்கள். மனக்கணக்கில் வேகம் காட்டுவதைவிட எழுதிச் சரிபார்ப்பவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

சரி, பதில் தெரியாவிட்டால்? ஊகித்துச் சொல்லாதீர்கள். ஒருமுறை ஒருவர் ஒரு மருந்தின் அளவைத் துளியும் தயங்காமல் பத்து மடங்கு கூட்டிச் சொன்னார். மற்ற பதில்களெல்லாம் நன்றாக இருந்தும் அவரை எங்களால் எடுக்க முடியவில்லை. "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வார்டில் இப்படி வந்தால் மருந்தைக் கொடுக்காமல், சீனியரிடமோ பார்மசியிலோ கேட்டு உறுதி செய்த பிறகே கொடுப்பேன்" என்பது முழுமையான பதில். தவறு நடந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாலும் இதே நேர்மைதான்: முதலில் நோயாளியைப் பார்ப்பேன், டாக்டருக்கும் இன்சார்ஜுக்கும் உடனே சொல்வேன், எழுதி வைப்பேன். யாருக்கும் தெரியாமல் சமாளிப்பேன் என்ற வாடைகூட வரக் கூடாது.

பலவீனம் பற்றிய கேள்விக்கு "அளவுக்கு மீறி உழைப்பேன்" மாதிரியான பதில் வேண்டாம், கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. உண்மையானதைச் சொல்லி, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "கேனுலா (ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போடுவதில் இன்னும் கை பழகவில்லை. போஸ்டிங்கில் வாய்ப்புக் கேட்டு வாங்கிப் போட்டேன். இரண்டு முறை முயன்றும் கிடைக்காவிட்டால் நோயாளியைக் குத்திக்கொண்டே இருக்காமல் சீனியரைக் கூப்பிடுவேன்." இது போதும்.

இந்த வாரம் உங்கள் போஸ்டிங் நோட்டை எடுத்து நான்கு சம்பவங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் முதலில் கவனித்துச் சொன்ன மாற்றம், கோபப்பட்ட உறவினர் ஒருவரைச் சமாதானப்படுத்தியது, வேலை குவிந்தபோது எதை முதலில் செய்தீர்கள், எதில் திட்டு வாங்கித் திருந்தினீர்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு இந்த நான்கில் ஒன்று பொருந்தும். நோயாளியின் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆர்வத்தில் பெயர், ஊர் என்று கொட்டிவிடுபவர்கள் உண்டு, ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று அங்கேயே முடிவாகிவிடும்.

உடை சுத்தமாக, நகம் வெட்டி, முடி ஒதுங்கி இருந்தால் போதும். நகத்தைக் கண்டிப்பாகப் பார்ப்போம்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். புதிதாகச் சேர்பவருக்குப் பயிற்சி எத்தனை வாரம், யார் கூட இருந்து கற்றுத் தருவார், இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று கேளுங்கள். முதல் நாளிலிருந்தே தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தால், சம்மதம் சொல்வதற்கு முன் யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்குங்கள்.