செயலிக்கு முதல் பதிவேடு

கேள்வி: எங்கள் பிரதேச சபைக்கு ஐந்தாண்டு டிஜிட்டல் திட்டம் ஒன்று தயாரிக்கத் தீர்மானித்திருக்கிறோம். லண்டனில் இருந்து வந்த ஒருவர் அங்குள்ள சபையொன்றின் திட்டத்தைக் காட்டி, அதே மாதிரி எழுதித் தருகிறேன் என்கிறார். ஒரு கம்பனி செயலி செய்து தரத் தயாராக நிற்கிறது. எதில் தொடங்கலாம்?
– சபை உறுப்பினர் ஒருவர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: இரண்டிலும் வேண்டாம். உங்கள் கந்தோரின் முன்மேசையில் தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு யாரையாவது அங்கே இருத்தி, வருகிற சனம் என்னத்துக்கு வருகிறது, எத்தனை தரம் திருப்பி அனுப்பப்படுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். ஆதனவரி, வியாபார அனுமதிப்பத்திரம், கட்டட அனுமதி, எரியாத வீதி விளக்கு, கோடையில் தண்ணீர் பவுசர், பெரும்பாலும் இவ்வளவுதான் வரும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் உங்களிடம் ஒப்படைத்த வேலையும் வீதி, சுகாதாரம், பொது வசதி என்று ஏறக்குறைய இதுதான்.

அடுத்தது பதிவேடுகள். ஒரே வளவு ஆதனவரிப் பதிவேட்டில் செத்துப்போன தகப்பன் பெயரில் இருக்கும், வியாபாரப் பதிவில் கடைப் பெயரில் இருக்கும், பவுசர் கொப்பியில் ‘குளத்தடி, நீலக் கேற்’ என்று இருக்கும். இடம்பெயர்ந்து, உறுதியையும் பெர்மிட்டையும் தொலைத்து, 2009க்குப் பிறகு திரும்பி வந்து குந்திய ஊர்கள் இவை, வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் இல்லாத இடங்கள் இன்னும் கிடக்கின்றன. இதைச் சரிக்கட்டாமல் செயலியை இறக்கினால், எந்த வளவு என்று தெரியாத முறைப்பாடு இப்போது கடதாசியில் வருகிறது, நாளைக்குப் போனில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே முதல் வருடக் காசை வீதிப் பெயர், வீட்டிலக்கம், விளக்குக் கம்ப இலக்கம் ஆகியவற்றில் போடுங்கள். திறப்புவிழா வைக்கிற மாதிரியான வேலை இல்லை, தெரியும்.

அப்புறம் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு. உங்கள் கணினிகளில் கிடக்கிற பழைய கடிதங்களில் ஒன்றை எடுத்து எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகள் வரும், நாம் குற்று வைத்த இடங்களில் அரைப்புள்ளி நிற்கும். கணினிக்கு அது தமிழே இல்லை, எல்லாக் கணினியும் ஒரே மாதிரி வாசிக்கிற யூனிகோடில் ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றுவதற்கு ஆள் தேவை, நாள் தேவை, அது திட்டத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகமும், அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கின்றன. மாணவர்களைக் கேளுங்கள்.

லண்டன் திட்டத்தைப் படிக்கலாம், பிரதி எடுக்கத்தான் கூடாது. பிரித்தானியாவிலும் சறுக்கியிருக்கிறார்கள். பர்மிங்காம் மாநகர சபை கணக்கு வேலைகளுக்கு வாங்கிய ஒராக்கிள் மென்பொருளுக்கு முதலில் சொன்ன தொகை 19 மில்லியன் பவுண். தங்கள் பழைய நடைமுறைக்கு ஏற்றபடி மென்பொருளை வளைக்கப் போனார்கள். 2022இல் ஓடத் தொடங்கியதும் கணக்கே ஒழுங்காகப் பார்க்க முடியாமல் போய், செலவு 100 மில்லியனைத் தாண்டியது. அவர்கள் தாங்கினார்கள் என்று வையுங்கள், உங்கள் பாதீடு தாங்குமா?

தரவுக்குக் காப்புப் பிரதி எடுத்து வைக்காத கதைக்கு லண்டன் வரை போகத் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் அரச கந்தோர்களின் மின்னஞ்சலை வைத்திருந்த நம் நாட்டு அரச கிளவுட்டில், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கிற ரான்சம்வெயார் புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. கொழும்பின் கதை அது. உங்கள் சபையில் கணக்குக் கோவை ஒருவரின் பென்ரைவிலும், பேஸ்புக் பக்கம் இன்னொருவரின் சொந்த ஜிமெயிலிலும் இருக்கும், அவருக்கு இடமாற்றம் வந்தால் கடவுச்சொல்லும் பஸ் ஏறிவிடும். இதை நாளைக்கே திருத்தலாம், ஐந்தாண்டு தேவையில்லை.

ஒன்றை மட்டும் லண்டன்காரர் எழுத மாட்டார். வன்னிச் சனத்துக்குப் பதிவு என்றால் வயிறு கலங்கும். முகாமில் பதிவு, மீள்குடியேற்றத்தில் பதிவு, நிறுவனங்களின் பதிவு, இராணுவத்தின் பதிவு, எல்லாவற்றுக்கும் அடையாள அட்டை இலக்கம் கொடுத்துக் களைத்த சனம். 2022இல் நிறைவேற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எதைக் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பார், எப்போது அழிப்போம் என்பதைப் படிவத்தின் தலைப்பிலேயே தமிழில் அச்சடியுங்கள். பவுசர் தண்ணிக்குப் பெயர் பதிய அடையாள அட்டை இலக்கம் என்னத்துக்கு? போன் இல்லாத ஆச்சி நேரே வந்து சொல்கிற வழியையும் மூடாதீர்கள்.

சரி, கம்பனி. அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: ஒப்பந்தம் முடிகிற அன்று எங்கள் தரவு முழுவதையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன செலவில் திருப்பித் தருவீர்கள்? எழுத்தில் தந்தால் மிச்சம் கதையுங்கள். இழுத்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.