வறட்சி என்றால் சாக்கடை கலந்த தண்ணீரைக் குடிக்க வேண்டுமா?

கேள்வி: மூன்று வாரமாக எங்கள் தெருக் குழாயில் வரும் குடிநீரில் சாக்கடை வாடை அடிக்கிறது. அதுவும் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் விடுகிறார்கள். மகனுக்கு வயிற்றுப்போக்கு. நகராட்சியில் கேட்டால், "ஏரியே வற்றிக் கிடக்கிறது, வருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கேன் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. குடிநீர்க் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்தலாமா? நஷ்டஈடு கிடைக்குமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார் வாசகி.)

பதில்: கட்டணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு, நாளை நீங்கள் வழக்குப் போட்டால் "மனுதாரர் பாக்கி வைத்திருப்பவர்" என்று பதில் மனுவைத் தொடங்குவார்கள். கட்டிய ரசீதுதான் உங்கள் பலம்.

வறட்சி என்ற பதில் தண்ணீரின் அளவுக்குப் பொருந்தும், தரத்துக்குப் பொருந்தாது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் குறைவாகத் தந்தால் நீதிமன்றமும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் சாக்கடை கலப்பது ஏரி வற்றியதால் அல்ல, குழாயில் ஓட்டை இருப்பதால். நாள்கணக்கில் காலியாகக் கிடக்கும் ஓட்டைக் குழாய், பக்கத்துச் சாக்கடைக் கசிவை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது பராமரிப்புக் குறை. (குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசமாகும். உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் கழற்றுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் தேடுவார்.) "நிதி இல்லை" என்றும் தப்ப முடியாது. 1980-லேயே ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்கவில்லை.

அடுத்து, ஆதாரம். வாடை அடிக்கிறது என்று சொன்னால் போதாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிருமிச் சோதனைக்கென்று கேட்டு, அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலிலேயே பிடியுங்கள். கழுவிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுபோனால் அறிக்கை செல்லாக்காசு. தொட்டியிலிருந்து பிடிக்காமல் தெருக்குழாயிலேயே பக்கத்து வீட்டார் இருவர் முன்னிலையில் பிடித்து, அன்றே ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணயம் 10500-இன்படி 100 மில்லி குடிநீரில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கூடவே ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். கடந்த ஆறு மாதத் தரப் பரிசோதனை அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்புறம் எங்கே போவது? நுகர்வோர் ஆணையம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். போகலாம், ஆனால் குடிநீர் வழங்குவது "சேவை"யா, சட்டக் கடமையா என்ற வாதத்திலேயே காலம் ஓடும். நான் சொல்வது நிரந்தர மக்கள் நீதிமன்றம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 22-ஏ பிரிவு குடிநீர் வழங்கலைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று நேரடியாகவே சொல்கிறது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. முதலில் இரு தரப்பையும் சமரசம் பேச வைப்பார்கள்; அது முறிந்தாலும் அந்த அமர்வே தீர்ப்புச் சொல்லலாம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை. வழக்கு வேறெங்கும் போடுவதற்கு முன்பே இங்கே வர வேண்டும், வந்த பின் அதே தகராறுக்கு வேறு கோர்ட்டுக்குப் போக முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். மனு கொடுக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நஷ்டஈடு கேட்கலாம். மகனின் மருத்துவச் சீட்டு, மருந்து பில், கேன் தண்ணீர் ரசீது எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேருங்கள். கேன் போடுபவர் ரசீது தர மாட்டார், கேட்டு எழுதி வாங்குங்கள். தெருவில் பலர் படுத்துவிட்டார்கள் என்றால் காத்திருக்க வேண்டாம், நேரே உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போடுங்கள்.