ஏழாம் வகுப்புக்கு ஏஏபி சென்டரா, பக்கத்து மிடில் ஸ்கூலா?

கேள்வி: வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு, ஏஏபியில் (நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான கூடுதல் ஆழமான பாடத்திட்டம்) படிக்கிறாள். அடுத்த வருடம், பல பள்ளிகளின் ஏஏபி பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கும் சென்டர் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டுப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்ப்பதா? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கொன்று சொல்லத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்தாகிவிட்டது. பெரியவன் சென்டருக்குப் போனான், சின்னவள் போகவில்லை.

இங்கே மிடில் ஸ்கூல் காலை ஏழரைக்கே தொடங்கிவிடும். நடந்தால் பத்து நிமிடத்தில் ஒரு பள்ளி இருக்க, பெரியவனுக்கு ஆறரைக்கு பஸ். டிசம்பரில் ஏழேகால் வரை விடியாது. கும்மிருட்டில் டிராம்போன் பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு, என் போன் வெளிச்சத்தில் ஷூ லேஸ் கட்டுவான். வாயில் பாதி தோசை. படிப்பில் குறை சொல்ல மாட்டேன், இவனைப் போலவே குடைந்து குடைந்து கேட்கிற பிள்ளைகள் வகுப்பு முழுக்க இருந்தார்கள். ஆனால் நண்பர்கள் எல்லாரும் திசைக்கொருவர். சனிக்கிழமை ஆனால் நான்தான் டிரைவர்.

சின்னவள் முறை வந்தபோதுதான் உட்கார்ந்து யோசித்தோம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஏஏபி என்றால் நாள் முழுக்கத் தனி வகுப்பு, அப்போது சென்டருக்கு ஒரு அர்த்தம் இருந்தது. மிடில் ஸ்கூலில் கதை வேறு. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நான்கிலும் ஹானர்ஸ் என்கிற சற்றுக் கடினமான வகுப்பில் விருப்பப்பட்டவர்கள் யாரும் சேரலாம். ஏழாம் வகுப்பிலேயே அல்ஜிப்ரா 1 எடுக்கத்தான் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். அது எந்தப் பள்ளிக்கும் ஒரே விதிதான்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு சண்டை? சிக்கல் பிள்ளைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஏழாவதில் அல்ஜிப்ரா முடித்த பிள்ளைக்கு எட்டாவதில் ஜியோமெட்ரி வேண்டும். முப்பது பிள்ளைகள் சென்டருக்குக் கிளம்பிவிட்டால், பக்கத்துப் பள்ளியில் ஜியோமெட்ரி வகுப்பு திறக்க ஆள் இருக்காது. வகுப்பு இல்லையே என்று அடுத்த வருடம் இன்னும் பத்துப் பேர் கிளம்புவார்கள். எல்லா மிடில் ஸ்கூலிலும் ஏஏபி வைத்தால் இந்த ஓட்டம் நிற்கும் என்பது என் கட்சி. சென்டர் பெற்றோர்கள் சிலருக்கு இது பிடிக்காது. பிள்ளைகளைப் பிரித்துவிட்டால் எந்தப் பள்ளியிலும் ஒரு நல்ல வகுப்பு தேறாது என்பார்கள். சின்னப் பள்ளிகளைப் பொறுத்தவரை அது நியாயமான பயம்தான்.

அப்புறம் யாரும் மைக்கில் பேசாத விஷயம் ஒன்று, டிஜே. அதாவது தாமஸ் ஜெஃபர்சன், அறிவியல் தொழில்நுட்பத்துக்கான உயர்நிலைப் பள்ளி. அங்கே வருடத்துக்கு 550 இடம். 2020இல் பழைய நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மிடில் ஸ்கூலுக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் என்று ஒதுக்கினார்கள். எட்டாவதில் 400 பேர் இருந்தால் ஆறு இடம். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறதோ அந்தப் பள்ளிக் கணக்கில்தான் வரும். இதை எதிர்த்து வழக்கு நடந்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை எடுக்க மறுத்துவிட்டது, ஒதுக்கீடு அப்படியே நின்றது. அதனால் 'சென்டரில் போட்டி அதிகம், பேசாமல் இங்கேயே விடு' என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. ஒரு கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த அப்பா, மேடையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்திருந்தார். அதே கணக்கைப் பக்கத்து வீட்டுக்காரரும் போடுவார் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு போன். பக்கத்துப் பள்ளி கவுன்சிலரிடம், ஏழாம் வகுப்புக்கு அல்ஜிப்ரா எத்தனை செக்‌ஷன், எட்டாவதில் ஜியோமெட்ரி அதே கட்டடத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு இரண்டு செக்‌ஷன் என்றார்கள், அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டோம். ஆள் சேரவில்லை என்று இழுத்தார்களானால் சரி, சென்டர்தான். அலாரத்தை ஐந்தரைக்கு வையுங்கள்.